படி இரண்டாகத் தெரிகிறதா?

மலையில் வழுக்கி விழுந்தவர்கள், லொறியிலிருந்து விழுந்தவர்கள் சிலர், தலைக்காயம் ஆறிய பிறகு ஒரு முறைப்பாடு சொல்வார்கள். "படி இறங்கினா ரெண்டு படி தெரியுது. ஒண்ணு நேரா இருக்கு, மத்தது சாஞ்சு இருக்கு." கேட்பவர்கள் "குடிச்சிருக்கான்", "வேலைக்குப் போக நடிக்கிறான்" என்று சிரிப்பார்கள். இது நடிப்பல்ல, வருத்தம். வைத்தியமும் இருக்கிறது.

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. அதில் ஒன்று, கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவது போல, மூக்கோரத்தில் ஒரு சிறு வளையத்துக்குள் ஓடிக் கண்ணின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கிறது. கண்ணைக் கீழே இறக்குவதும், வெளிப்பக்கம் சுழன்று சாயாமல் பிடித்து வைப்பதும் அதன் வேலை. இந்தத் தசைக்கு வரும் நரம்பு மிக மெல்லியது. தலையில் பலமாக அடிபட்டால் அது பழுதாகலாம். அப்போது கண் வெளிப்பக்கமாகச் சுழன்றுவிடும். அதனால்தான் படியும் சாய்ந்து தெரிகிறது. கீழே பார்க்கும்போதுதான் கஷ்டம் அதிகம். நமக்கோ மலையில் இறங்குவதே வேலை! மறுபடி விழுந்தால் என்னாகும்?

நாமே ஒன்று பார்க்கலாம். ஒரு கண்ணை மூடுங்கள். இரட்டைக் காட்சி மறைந்தால், இரண்டு கண்ணும் ஒத்துப் போகவில்லை என்று அர்த்தம். மூடியும் மறையாவிட்டால், கோளாறு திறந்திருக்கும் அந்தக் கண்ணிலேயே இருக்கலாம்.

நரம்பு தானாகவே தேறவும் கூடும். ஆகவே டொக்டர்மார் சாதாரணமாக 6 மாதமளவு பொறுத்துப் பார்ப்பார்கள். அதுவரை ஒரு கண்ணை மறைத்துக் கொள்ளலாம். இந்தச் சாய்வைக் கண்ணாடி போட்டு நிமிர்த்த முடியாது.

தேறாவிட்டால் சத்திரசிகிச்சை. 1964ல் ஹராடா, இட்டோ என்ற ஜப்பானிய டொக்டர்கள் ஒரு முறையை எழுதினார்கள். அந்தத் தசை நாரின் முன்பகுதியை மட்டும் பிரித்து, முன்னுக்கும் வெளிப்பக்கத்துக்கும் நகர்த்தித் தைப்பது. கண் உள்ளே சுழன்று நேராகும்.

ஆனால் எவ்வளவு இழுப்பது? மயக்கத்தில் கிடப்பவரிடம் "இப்ப நேரா தெரியுதா?" என்று கேட்க முடியாதே! அதற்காகப் பிறகு வந்ததுதான் சரிப்படுத்தும் தையல். நூலை இறுக்கவும் தளர்த்தவும் கூடியதாக முடிச்சுப் போட்டு விடுவார்கள். மயக்கம் தெளிந்ததும், அன்றைக்கோ மறுநாளோ, கண்ணுக்கு மரக்கும் சொட்டு மருந்து விட்டு, விசேஷக் கண்ணாடியால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு கோடு காட்டுவார்கள். இரண்டும் சாயாமல் ஒரே போக்கில் தெரிகிறதா என்று கேட்டு, நூலைச் சரி செய்து நிரந்தரமாகக் கட்டுவார்கள். நாள் போகப் போக இழுப்பு கொஞ்சம் தளரும். ஆகவே சற்றுக் கூடுதலாகவே இழுத்து விடுவதும் உண்டு. அந்த நேரம் பயத்தில் "எல்லாம் சரிங்க ஐயா" என்று சொல்லி விடாதீர்கள். தெரிவதைத் தெரிந்தபடி சொல்லுங்கள். உங்கள் வாய்ச்சொல்தான் அளவுகோல்.

அடிபடாமலே திடீரென இரட்டையாகத் தெரிந்தாலோ, கூடவே கடும் தலைவலி, வாந்தி, இமை தொங்குதல் இருந்தாலோ ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்கள் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கே வைத்தியம் இலவசம். தாயத்துக் கட்டிக் காத்திருந்து அரைப்பேரோடு நாளை ஓட்ட வேண்டாம்.