பழைய லென்ஸ், புதிய கேமரா: கரமனை போன்ற ஈரப்பதம் மிக்க பகுதிகளில் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

திருவனந்தபுரம்:

பிலிம் கேமராக் காலத்தின் கைமுறை லென்ஸ்களை இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் பொருத்திப் படம் எடுக்கும் வழக்கம் இளம் புகைப்படக் கலைஞர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. தானியங்கி ஃபோகஸ் கொண்ட புதிய லென்ஸ்களின் விலையில் ஒரு சிறு பங்குக்கே இவை கிடைப்பது முதன்மையான காரணமாகும். ஆனால், கேரளத் தலைநகரின் கரமனை போன்ற பகுதிகளில் வசிப்போர் லென்ஸின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பு, அதன் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டியுள்ளது.

அகத்தியமலைப் பகுதியில் தோன்றி, சுமார் 68 கி.மீ. பாய்ந்து அரபிக் கடலில் கலக்கும் கரமனை ஆறு இப்பகுதியின் பெயரைத் தாங்கியது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்ரஹாரத் தெருக்களும் இங்கு உள்ளன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டுமே திருவனந்தபுரத்தை நனைக்கின்றன. கடற்காற்றும் சேர்ந்துகொள்வதால், காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கிறது. பூஞ்சை முளைக்க 60 முதல் 65 விழுக்காடே போதுமானது. பல ஆண்டுகளாக மர அலமாரியில் பூட்டிவைக்கப்பட்ட ஒரு லென்ஸ் அங்கு எந்நிலையில் இருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

எவை கிடைக்கின்றன?

பிலிம் காலத்தில் இந்தியாவின் திருமண ஸ்டுடியோக்களிலும் செய்தித்தாள் அலுவலகங்களிலும் பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3, நிக்கான் எஃப்எம்2 போன்ற கேமராக்கள் புழங்கின. அவற்றுடன் வந்த 50 மி.மீ. லென்ஸ்களே இன்று பழைய பொருள் சந்தையில் எளிதில் அகப்படுபவை. தொடங்குவோருக்கு இவையே ஏற்றவை. அக்காலத்து ஜூம் லென்ஸ்களில் பெரும்பாலானவை விலை மலிவு என்பதைத் தவிர வேறு சிறப்பு இல்லாதவை.

சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2 இணையச் சந்தையில் அதிகம் தேடப்படும் லென்ஸ்களில் ஒன்று. ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தின் பயோட்டார் வடிவமைப்பை அடியொற்றி உருவாக்கப்பட்ட இந்த 58 மி.மீ. லென்ஸ், ஜெனித் கேமராக்களுடன் இலட்சக்கணக்கில் விற்பனையானது. அதன் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும். 2024-இல் வெளியான 'டூன்: பாகம் இரண்டு' திரைப்படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர், சினிமாவுக்காக மறு உறையிடப்பட்ட சோவியத் லென்ஸ்களைப் பயன்படுத்தியது இவற்றின் மீதான ஆர்வத்தை மேலும் கூட்டியது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குவோர் அஞ்சல் செலவுடன் சுங்க வரியையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 'மலிவு' என்ற சொல்லுக்கே சில வேளைகளில் பொருள் இருப்பதில்லை.

அடாப்டர்: ஒரு கழித்தல் கணக்கு

லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு கேமரா வகைக்கும் வேறுபடும். ஹீலியோஸ் 44-2 பயன்படுத்தும் எம்42 திருகு வகைக்கு அது 45.46 மி.மீ.; சோனியின் மிரர்லெஸ் கேமராக்களுக்கு 18 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 27.46 மி.மீ. நீளத்தை நிரப்பும் வெற்று உலோகக் குழாயே அடாப்டர் ஆகும். அதனுள் கண்ணாடியோ மின்னணுப் பாகமோ தேவையில்லை என்பதால் விலையும் குறைவு. கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட், ஃபியூஜி எக்ஸ் ஆகிய மிரர்லெஸ் வகைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

கண்ணாடி மடக்கும் டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் நிலை வேறு. கேனான் இஎஃப் வகையின் தூரம் 44 மி.மீ. என்பதால் மெல்லிய வளையம் ஒன்றே எம்42 லென்ஸுக்குப் போதும். நிக்கான் டிஎஸ்எல்ஆரின் தூரமோ 46.5 மி.மீ. கழித்தால் விடை எதிர்மறையாக வருவதால், எளிய வளையத்தைப் பொருத்தினால் ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பாலுள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது. நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்போர் அந்நிறுவனத்தின் பழைய லென்ஸ்களையே நாடுவது நல்லது. அவற்றிலும் 1977-க்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸ்கள் சில கேமராக்களின் வளைய முனையைச் சேதப்படுத்தக்கூடும்.

டார்ச் வெளிச்சத்தில் தெரியும் உண்மை

விற்பனையாளர் அனுப்பும் படத்தில் எல்லா லென்ஸும் பளபளப்பாகவே தெரியும். நேரில் வாங்குவோர் அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, கைப்பேசியின் டார்ச்சைப் பின்புறமிருந்து சாய்வாகச் செலுத்தி, முன்புறமிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்றோ, பனித்துளி கிளைவிட்டது போன்றோ மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. தொலைவிலிருந்து வாங்குவோர் இவ்வாறு எடுத்த காணொளியைக் கேட்டுப் பெறலாம். அதற்கு மறுக்கும் விற்பனையாளரைத் தவிர்த்துவிடலாம்.

பூஞ்சை தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உண்டு வளர்கிறது. அது வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கிறது. தொடக்க நிலையில் தேர்ந்த பழுது நீக்குநர் அதைத் துடைத்தெடுக்க முடியும். அரிப்பு ஏற்பட்டபின் பூஞ்சையை நீக்கினாலும் தடம் நீங்குவதில்லை. லென்ஸைக் கழற்றித் துடைக்கும் கூலி சில நேரங்களில் அதன் விலையையே மிஞ்சிவிடும். எனவே, 'இலேசான பூஞ்சை, படத்தில் தெரியாது' என்ற விளம்பரத்தை, பழுதுச் செலவைக் கழித்த விலைக்கு மட்டுமே ஏற்கலாம்.

உட்புறத் தூசித் துகள்கள் சிலவற்றால் படம் கெடுவதில்லை. முன்கண்ணாடியில் உள்ள சிறு கீறலும் பெரும்பாலும் பொருட்டல்ல. பின்கண்ணாடிக் கீறல் அப்படியன்று. முழுப்பரப்பும் புகைமூட்டமாகத் தெரிந்தாலோ, ஓரங்களில் வானவில் நிறம் தோன்றினாலோ ஒதுக்கிவிட வேண்டும். பின்னது கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை பிரிந்ததன் அடையாளம். சில டகுமார் லென்ஸ்களில் காணப்படும் மஞ்சள் நிறம் வேறு வகையானது. தோரியம் கலந்த கண்ணாடியால் ஏற்படும் அந்நிறம் புறஊதா ஒளியில் சில நாட்கள் வைத்தால் பெருமளவு குறையும்.

அரிசிப் பானை உதவாது

லென்ஸை வாங்கிய பின்னரே இப்பகுதியில் உண்மையான சோதனை தொடங்குகிறது. லென்ஸுடன் வரும் பழைய தோல் உறை பார்வைக்கு அழகாக இருப்பினும், ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்கு உணவாகவும் அமைவதால் அதை அகற்றிவிட வேண்டும். ஈரத்தைப் போக்க அரிசிக்குள் புதைத்துவைக்கும் வழக்கமும் தவறானது. அரிசி மாவுத்தூள் இடுக்குகளில் புகுந்து கேட்டையே வளர்க்கும்.

ரப்பர் வளையத்துடன் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிகா ஜெல், சிறிய டிஜிட்டல் ஈரமானி ஆகியவை குறைந்த செலவில் போதுமான பாதுகாப்பு தருபவை. ஈரமானி 40 முதல் 50 விழுக்காடு காட்ட வேண்டும். 30-க்குக் கீழே போனால் உட்புற மசகு உலரக்கூடும் என்பதால் மிகையான வறட்சியும் வேண்டாம். நிறம் மாறிய சிலிகா ஜெல்லை அடுப்பில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருப்பவை; எனவே வித்துகளை அண்டவிடாமல் தடுப்பதை விட, அவை முளைக்க ஈரம் கிடைக்காமல் செய்வதே நடைமுறைக்கு உகந்தது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது, வெளி வெப்பத்துக்குப் பழகும்வரை பையைத் திறக்காமல் இருந்தால் கண்ணாடியில் நீர் படிவதைத் தவிர்க்கலாம்.

கேமராவில் மாற்ற வேண்டியவை

பழைய லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மின்தொடர்பு இல்லாததால், லென்ஸ் இல்லையெனக் கருதிக் கேமரா ஷட்டரை இயக்க மறுக்கலாம். 'லென்ஸ் இன்றி ஷட்டர் இயக்கம்' என்ற தெரிவை மெனுவில் செயல்படுத்தினால் அது சரியாகும். சென்சாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருப்பின், 58 மி.மீ. போன்ற லென்ஸின் குவியத் தூரத்தைத் தாமே பதிவுசெய்ய வேண்டும். தவறான எண் படத்தை மேலும் கலங்கச் செய்யும். ஃபோகஸ் ஆன விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் வசதியும் திரையைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் கண்ணுக்குத் துணைபுரியும்.

ஹீலியோஸின் புகழ்பெற்ற சுழல் பின்னணியைக் காண விரும்புவோர் அப்பர்ச்சரை எஃப் 2-இல் வைத்து, இரண்டு மீட்டர் தொலைவில் ஒருவரை நிறுத்தி, அவருக்குப் பின்னால் ஆற்றங்கரைத் தென்னை ஓலைகள் தள்ளி இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சுழல் படத்தின் ஓரங்களிலேயே தோன்றுவதால் முழுச்சட்டக சென்சாரில் தெளிவாகத் தெரியும். ஏபிஎஸ்-சி சென்சாரில் பெருமளவு வெட்டுண்டு போகும். நண்பகல் வெயிலில் எஃப் 2-இல் எடுப்பதற்கு, அந்த லென்ஸின் 49 மி.மீ. திருகுக்கு ஏற்ற, ஒளி குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றும் தேவைப்படலாம்.