கராகோல்

குதிரையை இடமாகவோ வலமாகவோ அரைவட்டத்தில் திருப்புவதற்கு ஐரோப்பியக் குதிரையேற்றத்தில் கராகோல் என்று பெயர். ஸ்பானிய மொழியில் கராகோல் என்றால் நத்தை; அதன் ஓட்டிலுள்ள சுழியே பெயருக்குக் காரணம். இருபுறமும் மாறி மாறித் திருப்பி, வளைந்து நெளிந்து குதிரையை ஓட்டுவதையும் இதே சொல்லால் குறிப்பதுண்டு.

இச்சொல் போர் வரலாற்றில் இடம்பிடித்ததற்குக் கைத்துப்பாக்கியே காரணம். கனலும் திரியால் வெடிக்கும் பழைய துப்பாக்கியைக் கடிவாளம் பிடித்தபடி கையாள்வது பெரும்பாடு. 16ஆம் நூற்றாண்டில் பரவிய சக்கர விசைத் துப்பாக்கியில் அந்தத் தொல்லை இல்லை. சாவியால் முறுக்கிய வில், விசையை இழுத்ததும் எஃகுச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் பைரைட் கல்லில் உரசிப் பொறி பறக்கும். மருந்து கெட்டித்துச் சேணத்து உறையில் செருகிவைத்தால் வேண்டும்போது எடுத்துச் சுடலாம்.

ரைட்டர் எனப்பட்ட ஜெர்மானியக் குதிரை வீரர்கள் இதை வைத்தே போரிட்டனர். முன்வரிசை எதிரியை நெருங்கிச் சுட்டுவிட்டு அரைவட்டமடித்துப் பின்னால் போய் மருந்து கெட்டிக்கும். அடுத்த வரிசை முன்னேறும். இந்த உத்திக்கும் கராகோல் என்றே பெயர். ஈட்டி மட்டும் ஏந்திய காலாட்படைக்கு எதிரே இது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கைத்துப்பாக்கிக் குண்டு சில அடி தூரத்தில்தான் நம்பகமானது. காலாட்படையின் நீண்ட துப்பாக்கியோ அதைவிடத் தொலைவு எட்டும். எதிரியோடு கலந்து நெருங்கிச் சுடும்போதே ரைட்டர்கள் உண்மையில் ஆபத்தானவர்கள் என்பது பிரெஞ்சுத் தளபதி பிரான்சுவா த லா நூவின் கருத்து. 1610இல் கிளூஷின் போரில், சுட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ரைட்டர்கள் மீது போலந்தின் ஹுசார் குதிரைப்படை பாய்ந்து அவர்களைச் சிதறடித்தது. பின்னர் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப், சிறிதளவு சுட்டதும் வாளுடன் பாயும் முறைக்குத் தம் குதிரைப்படையை மாற்றினார். ஆயினும் பழைய போர்க் குறிப்பில் கராகோல் என்றிருந்தால் அது வெறும் திருப்பமாகவும் இருக்கலாம்; இடம் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

கட்டடக் கலையில் கராகோல் என்பது சுழல் படிக்கட்டு. மெக்சிகோவின் சிச்சேன் இட்சாவிலுள்ள வட்டக் கோபுரத்துக்கு, உள்ளிருக்கும் சுழல் படியால் எல் கராகோல் என்ற பெயர் வந்தது. வெள்ளி முதலிய கோள்களை நோக்கும் வானாய்வுக் கூடமாக அது இருந்திருக்கலாம் என்பர். அதைக் கட்டிய மாயர்கள் குதிரையையே அறியாதவர்கள். பெயர் ஸ்பானியர் இட்டது.

துருக்கியில் காவல் நிலையத்தைக் குறிக்கும் கராகோல் வேறு வேரிலிருந்து வந்தது. நத்தையோடும் குதிரையோடும் அதற்கு உறவில்லை.