‘முன்செல்’ என்னும் பெயர் பூண்ட துவிச்சக்கர வண்டிக் குழு

வாழைச்சேனையிலிருந்து பாசிக்குடாவை நோக்கிச் செல்லும் தெருவிலே, காலைப் பொழுதில் துவிச்சக்கர வண்டிகள் பல செல்லக் காண்கின்றோம். மீன்பெட்டி சுமந்து செல்வாரும், மண்வெட்டியுடன் வயலுக்குச் செல்வாரும், தம்பியைப் பின்னே ஏற்றிப் பாடசாலைக்கு விரையும் மாணவியும் அதனையே நம்பியுளர். எளியோர் ஊர்தியென நாம் கருதும் இவ்வண்டியே மேனாடுகளிற் பெரும்பொருள் புழங்கும் ஓட்டப்போட்டிக்கும் கருவியாகின்றது. இவ்விரு பயன்களையும் ஒருங்கு பிணைத்த குழுவொன்றின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். அவ்வரலாற்றின் வேர்களுள் ஒன்று நம் தீவிலே ஊன்றியதென்பது பலரும் அறியாத செய்தியாகும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையோரத்தைச் சூறையாடியதை நாம் மறந்திலம். அத்துயரைக் கண்ட அமெரிக்கரான எவ். கே. டே என்பாரும் அவர் மனைவியாரும் 2005இல் ‘வேர்ல்ட் பைசிக்கிள் றிலீவ்’ என்னும் அறநிலையத்தை நிறுவி, இலங்கையில் 24,000இற்கு மேற்பட்ட துவிச்சக்கர வண்டிகளை வழங்கினர். பின்னர் அப்பணி ஆபிரிக்காவிற்குப் பரந்தது. தென்னாபிரிக்காவில் அதனோடு கைகோத்துத் தொண்டாற்றியது ‘குபேக்கா’ என்னும் நிலையம். அந்நாட்டு நுகுனி மொழிகளில் இச்சொல் ‘முன்செல்’ எனப் பொருள்படும். இந்நிலையம் வண்டியை வெறும் பிச்சையாக ஈவதன்று. மரம் நடுதல், கழிவுப்பொருள் சேர்த்தல், ஊக்கத்துடன் கற்றல் முதலியவற்றால் மாணவர் தம் வண்டியைத் தாமே ஈட்டிக்கொள்கின்றனர்.

இனிக் குழுவின் கதைக்கு வருவாம். முன்னாள் ஓட்டவீரரான டக் றைடர் என்பார் 2007இல் தென்னாபிரிக்காவில் ஒரு தொழின்முறைக் குழுவைத் தொடக்கினார். எம்.ரி.என். என்னும் தொலைபேசி நிறுவனம் பொருளுதவி செய்தது. பின்னர்க் குபேக்காவின் பெயரும் குழுவின் பெயரோடு இணைந்தது.

வணிக நிறுவனத்தின் பெயரைக் குழு பூணுவதேன் என மாணவர் வினவலாம். காற்பந்தாட்டத்திற்கு அரங்கும் நுழைவுச்சீட்டும் உண்டு. தெருவோட்டத்திற்கோ அவை இல. மக்கள் வீதியோரம் நின்று கட்டணமின்றிக் காண்பர். ஆதலின் வீரர் ஊதியம் முதல் வண்டிச் செலவு ஈறாக யாவும் பொருளுதவுவார் கையிலேயே தங்கியுள்ளன. இன்னுமொன்று: முன்செல்வோன் காற்றைப் பிளக்க, அவன் பின்னே அணைந்து செல்வோன் தன் வலிமையைச் சேமிக்கின்றான். எனவே ஒருவனது வெற்றி பலரது உழைப்பின் விளைவாகும்.

2013ஆம் ஆண்டு இக்குழுவின் புகழ் உலகறியலாயிற்று. பனி பொழிந்த மிலான் – சான் றெமோ ஓட்டத்தில் இக்குழுவின் ஜேர்மானிய வீரர் ஜெரால்ட் சியோலெக் முதலிடம் பெற்றார். 2015இல் உலகப் புகழ் வாய்ந்த தூர் டி பிரான்சு ஓட்டத்தில், ஆபிரிக்காவிற் பதிவுபெற்ற குழுக்களுள் முதன்முதலாக இதுவே இடம்பெற்றது. சென்ற ஒன்பதின்மருள் ஐவர் ஆபிரிக்கர். எரித்திரியா நாட்டு டானியேல் தெக்லேஹைமானோட் மலையேற்றத்திற்குரிய செம்புள்ளிச் சட்டையைச் சில நாள் அணிந்தார். கறுப்பு ஆபிரிக்கர் ஒருவர் அதனை அணிந்தது அதுவே முதன்முறை. நெல்சன் மண்டேலாவின் பிறந்த நாளாகிய யூலை 18ஆம் நாள், ஆங்கிலேயரான ஸ்டீவ் கமிங்ஸ் மோந்து நகரில் வெற்றியீட்டினார். அடுத்த ஆண்டில் ‘டிமென்சன் டேற்றா’ என்னும் பெயருடன் உயர்நிலைக் குழுவாகிய காலை, மாக் கவென்டிஷ் அதே ஓட்டத்தில் நான்கு நாள் வென்று, தம் வாழ்வில் முதன்முறையாக மஞ்சட் சட்டையும் அணிந்தார்.

ஆயின் ஏற்றத்தின் பின் இறக்கமும் வந்தது. பொருளுதவும் நிறுவனங்கள் மாறின, 2020இல் ‘என்.ரி.ரி.’ எனப் பெயர் பூண்ட குழு, 2021இல் ‘குபேக்கா அசோஸ்’ ஆயிற்று. அவ்வாண்டு இத்தாலியச் சுற்றோட்டத்தில் மூன்று நாள் வெற்றிகளை ஈட்டியும், போதிய பொருளின்மையால் ஆண்டிறுதியிற் கலைந்தது. வென்றவர்க்கும் வாழ்வு நிலையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதின்று.

அவ்வாறாயின் அக்குழுவின் உழைப்பு வீணோ? அன்று. ஆபிரிக்க இளைஞர்க்கு அது திறந்த வாயில் மூடப்படவில்லை. 2024ஆம் ஆண்டுத் தூர் ஓட்டத்தில் எரித்திரியாவின் பினியாம் கிர்மே, வேறொரு குழுவினராய் நின்று, மூன்று நாள் வென்று பச்சைச் சட்டையையும் பெற்றார். குழு கலைந்த பின்னும், அதன் பெயரால் வண்டி பெற்ற சிறுவர் அவ்வண்டியிலேறிப் பாடசாலை சென்றனர்.

யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவாம். வெற்றிக் கிண்ணம் அலுமாரியிலே மங்கும். நெடுந்தூரம் நடந்து களைத்து வந்து வகுப்பிலே உறங்கும் பிள்ளைக்குக் கிடைத்த வண்டியோ ஒரு குடும்பத்தையே முன்செலுத்தும். வாவியின் அப்பாலுள்ள சிற்றூர்களில் அத்தகைய பிள்ளைகள் இன்றும் உளர். நம் கரையிற் பிறந்த துயரினின்று எழுந்த அறம் ஆபிரிக்கா வரை சென்றது. அது மீண்டும் நம் வாயிலுக்கு வருதல் நம் கையிலேயே உள்ளது.