நீலத் திமிங்கலமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பிள்ளை பெற்றவர்கள் கூடிய இடமெல்லாம் ‘நீலத் திமிங்கலம்’ என்ற இணைய விளையாட்டைப் பற்றியே பேச்சு. ஐம்பது நாள், ஐம்பது கட்டளை, கடைசிக் கட்டளை உயிரை விடுவது என்று செய்தி பரவியது. செல்போனைப் பிடுங்கி வைத்தவர்களும், பிள்ளையின் சட்டைக் கையை மடக்கிப் பார்த்தவர்களும் நம்மில் உண்டு. அந்த அச்சம் எங்கே பிறந்தது, அதில் உண்மை எவ்வளவு, நாம் அறிய வேண்டியது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கதை பிறந்த இடம்

2016 மே மாதம் ரஷ்யாவின் ‘நோவயா கெஜெட்டா’ என்ற செய்தித்தாள், அந்நாட்டில் நடந்த இளையோர் தற்கொலைகள் பலவற்றைச் சில இணையக் குழுக்களோடு தொடர்புபடுத்தி எழுதியது. சான்று போதாது என்று அங்கேயே மறுப்பு எழுந்தது. அக்குழுக்களை நடத்திய பிலிப் புதெய்கின் என்ற இளைஞர் 2016 நவம்பரில் கைதானார். 2017 ஜூலையில் மூன்றாண்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆக, கெட்ட நோக்கத்தோடு பிள்ளைகளை நெருங்கும் ஆட்கள் இணையத்தில் இருக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் உலகமெங்கும் பிள்ளைகளைப் பிடித்துத் தின்னும் ஒரே விளையாட்டு என்பது வேறு கதை.

நம் நாட்டில் நடந்தது

2017 ஜூலை இறுதியில் மும்பையில் ஒரு சிறுவனின் மரணத்தோடு இந்தப் பெயர் இங்கே வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், அந்த விளையாட்டின் இணைப்புகளை நீக்கும்படி கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் முதலிய நிறுவனங்களுக்கு எழுதியது. மாத இறுதியில் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் இறந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பிறகு உச்ச நீதிமன்றத்திலும் பேசப்பட்டது.

முடிவு என்ன? மத்திய அரசு அமைத்த குழு, இறந்தவர்களின் இணையப் பயன்பாடு, செல்போன் அழைப்புகள், சமூக ஊடகப் பதிவுகள், தடயவியல் சான்றுகள் எல்லாவற்றையும் ஆராய்ந்தது. இவற்றில் எந்தச் சம்பவத்திலும் நீலத் திமிங்கலத்துக்குப் பங்கு இருந்ததாக நிறுவ முடியவில்லை என்று 2018 ஜனவரியில் மக்களவையில் அரசு பதில் சொன்னது. ஆகஸ்டில் கொட்டை எழுத்தில் வந்த செய்தி, ஜனவரியில் வந்ததே பலருக்குத் தெரியாது!

2018, 2019இல் ‘மோமோ’ என்ற கோரமுகம் வந்தது. அது ஜப்பானியக் கலைஞர் ஒருவர் செய்த சிற்பத்தின் படம், அவ்வளவுதான்.

பீதியும் அதன் விலையும்

இதற்குச் சமூகவியலில் ‘மாரல் பேனிக்’ என்று பெயர். தமிழில் சமூகப் பீதி எனலாம். 1964இல் இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களில் இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. சிறு கைகலப்பைப் பத்திரிகைகள் பெரும் கலவரமாக்கியதை ஸ்டான்லி கோஹன் ஆராய்ந்து, 1972இல் நூலாக வெளியிட்டார். ஏற்கெனவே மனத்திலுள்ள கவலைக்கு ஓர் உருவம் கிடைத்தால் போதும், ஊரே அதன் மேல் பாய்கிறது.

“பயந்தா என்ன, பிள்ளைங்க ஜாக்கிரதையா இருப்பாங்களே?” என்று கேட்கலாம். சிக்கல் இரண்டு. முதலாவது, எச்சரிக்கையே விளம்பரமாகிவிடுகிறது. நீலத் திமிங்கலம் பற்றிய யூடியூப், ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு, விழிப்புணர்வுக்காகப் போட்டவற்றில்கூடப் பல, தற்கொலை பற்றிப் பேசுவதற்கான பாதுகாப்பு நெறிகளை மீறியிருந்ததாகக் கண்டது. மனம் நொந்திருக்கும் பிள்ளைக்கு நாமே வழிகாட்டிவிடக் கூடாதல்லவா?

இரண்டாவது, நாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையைப் பார்ப்பதில்லை. அதே 2017இல் நம் நாட்டில் 9,905 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. தேர்வு பயம், வீட்டுச் சண்டை, காதல் முறிவு, கேலி, மனச்சோர்வு என்று காரணங்கள் பலவாகப் பின்னிக் கிடப்பவை. இவை எதற்கும் திமிங்கலம் தேவையில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம்; தாத்தா பாட்டியோ ஊரில். மனசைத் திறந்து சொல்ல எந்த மொழியில், யாரிடம் போவது?

நாம் செய்யக்கூடியது

தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, நண்பர்களை விட்டு விலகுவது, “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்பது போன்ற பேச்சு, இவற்றைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: “செத்துடலாம்னு எப்பவாவது தோணுதாப்பா?” கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது தவறு, கேட்பது பாரத்தை இறக்கவே உதவும் என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். பதில் வந்ததும் திட்டாதீர்கள். போனைப் பிடுங்கினால் அடுத்த முறை பிள்ளை வாயே திறக்காது.

அடுகோடிக்காரர்களுக்கு உதவி பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ், இணையப் பழக்கத்தால் அவதிப்படுவோருக்கென்றே 2014இல் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கிய நிறுவனம். அதன் வாசலை ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று சொல்லிக் கடந்து போகும் வழக்கத்தை நாம் விட வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நாளை வேறொரு பெயரில் வேறொரு பூதம் வாட்ஸ்அப்பில் வரத்தான் போகிறது. வந்தால் பத்துப் பேருக்கு அனுப்புமுன், பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையிடம் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள்.