குழுவழிக் கற்றல்: வகுப்பறையிலும் இணையத்திலும்

முன்னுரை

13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில் கற்றலின் அளவைப் பகுத்துக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கினாலும் கிட்டுவது காற்பங்குப் புலமையே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் சேரும். பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கு நிறையும் என்பது அவர் கருத்து. எனவே, குழுவழிக் கற்றல் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகக் கல்வியில் அது செயற்படும் இருவகை முறைகளை இக்கட்டுரை விளக்குகின்றது.

நேர்முகக் குழு

அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 1970களின் இறுதியில் லேரி மைக்கேல்சன் அணிவழிக் கற்றலை உருவாக்கினார். 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்த டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும், 2013இல் கற்பித்தலைத் தொடங்கிய லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியும் இம்முறையை மேற்கொண்டன. மாணவர்கள் பாடத்தை முன்னரே படித்து வருவர். முதலில் தனித்தனியே தேர்வு எழுதுவர். பின்னர் அதே வினாக்களுக்குக் குழுவாகக் கலந்துபேசி ஒரே விடை தருவர். தனித்தேர்வும் இருப்பதால், ஒருவர் உழைப்பில் மற்றவர் மதிப்பெண் பெறும் குறை தணிகின்றது. தம் விடைக்குக் காரணம் கூறும் ஒவ்வொருவரும் அச்சிறுபொழுதில் ஆசிரியராகின்றார்.

இணையவழிக் குழு

கோவிட்-19 பரவலைத் தடுக்க 2020 ஏப்ரல் 7 முதல் சூன் 1 வரை கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது வகுப்புகள் இணையத்திற்கு மாறின. காணொளிச் சந்திப்பில் முகக்குறிப்பு மங்கிவிடும். ஒருவரது மௌனம் உடன்பாடா, கவனமின்மையா என்பது புலப்படாது. ஆயின், எழுத்துவழிக் கலந்துரையாடலுக்குத் தனிச்சிறப்பு உண்டு. சங்கப் பாடல் ஒன்றின் துறையைப் பற்றி ஒருவர் எழுதியதை மற்றவர் ஆற அமரப் படித்து மறுக்கலாம், கூச்சமுடையவரும் கருத்துரைக்கலாம். தமிழ்மொழி இலக்கியப் பட்டக்கல்வி வழங்கும் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவற்றில், பகலில் பணியாற்றிப் பகுதிநேரமாகப் பயில்வோர்க்கு இவ்வசதி பெருந்துணையாகும்.

முடிவுரை

சிங்கப்பூர் இந்தியர்களுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 36.7 விழுக்காட்டினர், 2020இல் 29.2 விழுக்காட்டினர். இந்நிலையில், இலக்கியத்தையும் இலக்கணத்தையும் தமிழிலேயே விவாதிக்கும் வாய்ப்பு மாணவர்க்கு வகுப்புக் குழுவிலேயே பெரிதும் அமைகின்றது. ஆகவே, வாதிட்டுப் பேசுவதற்கு நேர்முகக் குழுவையும், எண்ணி எழுதுவதற்கு இணையவழிக் குழுவையும் இணைத்துக்கொள்வதே தக்கது. எவ்வழியாயினும், ஒவ்வொரு மாணவரும் ஒரு பகுதியையேனும் பிறர்க்கு விளக்கும்படி பணியை வகுத்தல் வேண்டும். பவணந்தியார் சுட்டிய அரைப்பங்கு அங்கேதான் நிறைகின்றது.