சிகரெட்டுக்கு அடியோடு தடை வருமா? கடற்கரைக் காற்றிலும் கலக்குது புகை!

புதுச்சேரி,

மாலை 6 மணி ஆனால் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு வேலை இல்லை. காந்தி சிலையைச் சுற்றி ஜனக்கூட்டம். குழந்தை குட்டிகளோடு காத்து வாங்க வருகிறார்கள். பக்கத்தில் நாலு பேர் "தம்" போட்டால் அந்தக் காத்தும் போச்சு!

"இந்தச் சனியனை அடியோடு தடை செஞ்சா என்ன?" - டீக்கடைப் பெஞ்சுகளில் அடிக்கடி கிளம்பும் கேள்வி இது.

காந்தி காலடியில்...

பொது இடங்களில் புகைக்கத் தடை நாடு முழுவதும் அமலுக்கு வந்தது 2008-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில். மீறினால் ரூ.200 வரை அபராதம். ஆஸ்பத்திரி, சினிமா தியேட்டர், பஸ் நிலையம், ரெயில் நிலையம் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் 2003-ம் ஆண்டுச் சட்டத்தில் "திறந்தவெளி சேராது" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. 2008 விதி அதைக் கொஞ்சம் இறுக்கி, ஸ்டேடியம், பஸ் நிறுத்தம் போன்ற இடங்களைத் தடைக்குள் கொண்டு வந்தது. கடற்கரை என்று பெயர் சொல்லி எழுதவில்லை. காந்தி பிறந்த நாளில் வந்த விதி, காந்தி சிலை காலடியிலேயே வழுக்குகிறது!

புதுவையை ஆண்ட பிரான்சு இதில் முந்திக்கொண்டது. 2025 ஜூன் கடைசியிலிருந்து அங்கே கடற்கரை, பூங்கா, பஸ் நிழற்குடை, பள்ளிக்கூட வாசல் எங்கும் புகைக்கக் கூடாது. அபராதம் 135 யூரோ. "நிகோடின்" என்ற பெயரே 16-ம் நூற்றாண்டில் புகையிலையைப் பாரீசுக்கு அனுப்பிய பிரெஞ்சுத் தூதர் ழான் நிக்கோவின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் கடையில் விற்க அங்கேயும் தடை இல்லை.

பூடான் பட்ட பாடு

விற்பனைக்கே தடை போட்டுப் பார்த்த நாடு பூடான். 2004-ல் தடை. எல்லை வழியாகக் கள்ளக்கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. கொரோனா காலத்தில் கடத்தல்காரர்கள் மூலம் நோய் வந்துவிடுமோ என்ற பயத்தில், 2021-ல் தடையை எடுத்தே விட்டார்கள்.

இந்தக் கதை புதுவைக்காரர்களுக்குப் புதுசா என்ன? தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த நாளில் எல்லை தாண்டி ஓடி வந்தவர்களைப் பார்த்த ஊர் இது. சிகரெட் தடை புதுவைக்கு மட்டும் என்றால் சுமார் 22 கிலோமீட்டரில் கடலூர். பஸ் ஏறினால் ஆச்சு!

அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 13½ லட்சம் பேர் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேடிக்கை என்னவென்றால், நேற்று வந்த பேட்டரி சிகரெட்டுக்கு 2019-ல் மத்திய அரசு அடியோடு தடை போட்டது. முதல் தடவை விற்றாலே ஓராண்டு வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பழைய சிகரெட் மட்டும் வெற்றிலை பாக்கோடு கடையில் உட்கார்ந்திருக்கிறது. வரிப் பணமும், பீடி சுற்றிப் பிழைக்கும் லட்சக்கணக்கான பெண்களின் வயிறும் குறுக்கே நிற்கின்றன.

ஒத்தை சிகரெட்

பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. ஆனால் பெட்டிக்கடையில் ஒத்தை சிகரெட் வாங்கி, கடையில் கட்டித் தொங்கும் லைட்டரில் பற்ற வைப்பவர் கண்ணில் அந்தப் படம் படுவதே இல்லை. 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் கடையே கூடாது. கையில் இருக்கிற இந்தச் சட்டத்துக்கு முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் அளக்க ஆள் வேண்டும்.