குத்தகை நெல் எத்தனை மூட்டை? சட்டம் சொல்லும் கணக்கு

"அடுத்த போகத்துக்கு ஏக்கருக்கு 12 மூட்டை கொடு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்கிறார் நிலக்காரர். என்ன செய்வது?" டெல்டா வாசகர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள்.

முதலில் கணக்கு. 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டப்படி நன்செய்க்கு உச்சவரம்பு சாதாரண விளைச்சலில் 40 சதவீதம். பின்னர் அது 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஏக்கருக்கு 30 மூட்டை விளையும் நிலமானால் ஏழரை மூட்டைதான் நியாயக் குத்தகை. 12 மூட்டை என்பது பழைய 40 சதவீதக் கணக்கு. உழவு, விதை, உரம், அறுவடைக் கூலி எல்லாம் குத்தகைதாரர் தலையில் விழுவதால், விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் மிஞ்சுவது கடன்தான்.

சட்டம் இருந்தும் குத்தகை ஏன் ஏறுகிறது? பெரும்பாலான குத்தகை வாய்ப்பேச்சில் நடக்கிறது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் அஞ்சுகிறார்; அதனால் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறார். நிலம் தேடுவோர் பலர் என்பதால் போட்டியில் குத்தகை ஏறுகிறது. உண்மையில் 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் நிலத்தின் உடைமையை மாற்றுவதில்லை. யார் சாகுபடி செய்கிறார் என்பதையே பதிகிறது.

நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ வயலில் உடலுழைப்புத் தந்தால், வாய்மொழிக் குத்தகையானாலும் 1955-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். வருவாய் நீதிமன்றத்தின் உத்தரவின்றி வெளியேற்ற முடியாது.

ஆனால், குத்தகை அதிகம் என்று கோபித்துக்கொண்டு அளக்காமல் இருந்துவிடாதீர்கள். பாக்கி வைப்பதே வெளியேற்றத்துக்குக் காரணமாகிவிடும். நிலக்காரர் வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் செலுத்தச் சட்டம் வழிசெய்கிறது.

ஒவ்வொரு முறையும் அளந்த மூட்டைக்கு ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் தேதி, அளவு, உடனிருந்தவர் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள். அடங்கலில் உங்கள் பெயர் ஏற கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் நெல் கொள்முதலுக்கும் அந்தத் தாள் கைகொடுக்கும்.

கோயில், அறக்கட்டளை நிலங்களுக்கு 1961-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அவற்றை இந்தக் கணக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேச்சுவார்த்தையை நாற்றங்கால் விடுவதற்கு முன்பே, அறுவடைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடத்துங்கள். விதைத்த பிறகு பேசினால் நிலக்காரர் சொல்வதே கணக்கு.